ஊரெல்லாம் மதலேன்

பெருமைக் கூடத்தின் சுவரில் ஒரு வீரரின் படத்தை ஆணியில் மாட்டிய கணம் தொடங்கி அன்று விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும், அந்த வீரரின் உடம்புக்கு என்ன கைவந்திருந்ததோ அது மணத்துறையில் முந்தின இரவு படுத்துத் தூங்கிய அத்தனை பேருக்கும் கைவரும் என்பது, காலையில் பால் பாக்கெட் வருவதைப் போல, சாயங்காலம் கடல்காற்று திரும்புவதைப் போல, எங்கள் ஊரில் எல்லாரும் அறிந்த சங்கதி; ஏன் அப்படி என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுந்தான்.

கூடம் என்பது பெயருக்குத்தான். அது மூடிக்கிடந்த பழைய ஐஸ் கம்பெனி. வட்டாரத்தில் விளையாடிப் பெயர் வாங்கியவர்களை வருஷத்துக்கு ஒருவராக அழைத்துப் பொன்னாடை போர்த்தி, அவர்கள் போட்டு விளையாடிய பனியனையோ ஷூவையோ கண்ணாடிப் பெட்டியில் வைத்து, படத்தைச் சுவரில் மாட்டலாம் என்று நாலு பேர் ஒரு மன்றமாகக் கூடி முடிவு செய்தார்கள். முதல் வருஷம் வாலிபால் ரெமிஜியுஸ் கொரைராவின் படத்தை மாட்டிவிட்டு அவரைக் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்குவதற்குள், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரர் ஒருவர் ஆள் உயரம் எம்பி, மேலே கட்டியிருந்த பலூனை ஓங்கி ஒரு அடி அடித்தார்; அது மேடையில் இருந்த குத்துவிளக்கைச் சாய்த்தது. அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் உருண்டையாக இருந்த எதுவும், தேங்காய் முதல் பூசணிக்காய் வரை, உருப்படியாக மிஞ்சவில்லை. அடுத்த வருஷம் கபடி கருவேலமுத்து. அன்று யாராலும் யாரையும் பிடிக்க முடியவில்லை, அம்மாக்களால் பிள்ளைகளைக்கூட. கல்யாண வீட்டு சமையல்காரர்கள் ஒரு கோழியையும் பிடிக்க முடியாமல் சாம்பார் வைத்தார்கள், ஏனென்றால் கோழிகளும் முந்தின இரவு ஊரில்தான் தூங்கியிருந்தன. பிறகு கேரம் பல்கீஸ் பானு வந்தார், அன்று கண்டக்டர் பஸ்ஸின் கடைசியிலிருந்து சுண்டிவிட்ட சில்லறை முன்சீட்டுக்காரரின் உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது.

ஊர் இதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. விழாவுக்கு முந்தின நாள் லாட்ஜில் இடம் கிடைக்காது. வெளியூர் மருமகன்மார் அழைக்காமலே வந்து மாமனார் வீட்டில் படுத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் கூடுதலாகக் கட்டுத்துணி வாங்கி வைப்பார்கள். மன்றத்தின் கூட்டத்தில் யார் பெரிய வீரர் என்ற பேச்சு மெல்ல மெல்லப் போய், அன்றைக்கு ஊர் என்னவாக வேண்டும் என்ற பேச்சு வந்து நின்றது.

இந்த வருஷம் ஒரு வேகப்பந்து வீச்சாளரைத்தான் முதலில் சொன்னார்கள். கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வியாபாரத்துக்கு நல்லதுதான், ஆனால் என் கடையும் இந்த ஊரில்தானே இருக்கிறது என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பளுதூக்கும் ஒருவரைச் சொன்னபோது, "தூக்குனதையெல்லாம் மறுநாள் யாரு இறக்கி வைப்பா?" என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் மன்றத்தின் செயலாளர், பஸ் ஸ்டாண்டில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் முகைதீன் பிச்சை, நெற்றியைத் தடவிக்கொண்டே, "உசரம் தாண்டுன பிள்ள ஒருத்தி இருந்தாளே, மதலேனு" என்றார்.

"யாரு, மாவுக்கடை மதலேனா? பயந்து திரும்பி வந்தாளே?"

அவள்தான். மதலேன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது விளையாட்டு வாத்தியாராக இருந்தவர் கபடி சொல்லிக்கொடுப்பவர். உயரம் தாண்டுவதைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு இங்கிலீஷ் பேப்பரில் வந்த படம் மட்டுமே. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கம்புக்கு மேலே மல்லாந்து, முதுகை வில்லாக வளைத்து, வானத்தைப் பார்த்தபடி அந்தரத்தில் கிடக்கிறாள். அதை வெட்டி வலைக்கொட்டகைச் சுவரில் ஒட்டி, "இதே மாதிரி வரணும்" என்றார். கிழிந்த வலைகளைக் குவித்த மேட்டின் மீது மதலேன் நாள்தோறும் சாயங்காலம் விழுந்து விழுந்து, ஒருநாள் அதே மாதிரி வந்தாள். அதற்குப் பிறகு மாவட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ரயில்வேயில் வேலை கொடுக்கும் தேர்வுக்குத் திருச்சிக்குக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு உயரம், இப்போது அவள் புருஷன் லூர்து நிமிர்ந்து நின்றால் அவன் தாடை எவ்வளவோ அவ்வளவு உயரம், அதைத் தாண்டினால் வேலை. மூன்று தடவை ஓடினாள். மூன்று தடவையும் கம்பு விழுந்தது.

திரும்பி வந்தவளிடம் என்ன ஆயிற்று என்று ஊர் கேட்டது. "நல்லாத்தான் போனேன். எப்படி விழுந்துச்சின்னு தெரியல" என்றாள். தெரியல என்ற பதிலை வைத்துக்கொண்டு ஊரால் என்ன செய்ய முடியும்? பெரிய ஊரைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று அதுவே ஒரு பதிலைச் செய்துகொண்டது. வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு மதலேனும் அதை நம்பிவிட்டாள். படகு என்ஜின் மெக்கானிக் லூர்துவைக் கட்டிக்கொண்ட புதிதில், துணி காயப்போட்ட கொடியை ஒருநாள் விளையாட்டாகத் தாண்டினாள். லூர்து சிரித்துக்கொண்டே, "போதும் மதலேன், குதிச்சது" என்றான். அவன் சொன்னதை அன்றைக்கே மறந்தான். அவள் அதற்குப் பிறகு குதிக்கவில்லை. மாவுக்கடை ஈரத்தரையில் வழுக்கி விழுந்து வலது முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு, படியேறும்போதுகூட ஒரு காலை இழுத்துத்தான் வைத்தாள்.

முகைதீன் பிச்சையும் இன்னும் இரண்டு பேரும் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மதலேன் அதை நிறுத்தினாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. தோத்தவ படத்த எதுக்கு மாட்டுதிய?"

"தோத்ததுக்கு இல்ல தாயி. மாவட்டத்துல நீ தாண்டுன உசரத்த இன்னைக்கு வரைக்கும் ஒரு பொம்பளப்பிள்ள தாண்டல."

"அது சரி. ஆனா ஊரே என் குதியக் குதிக்கும்லா? அதுல என் பயமும் சேந்து வருமே. ஊரு பூரா கடைசி நேரத்துல பயந்து நின்னா நான் எங்க போயி மூஞ்சிய வச்சிக்கிட?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. மாவு வாங்க வந்து நின்ற பிரகாசி, லூர்துவின் அக்கா, சந்தையில் கருவாடு விற்பவள், ஊரில் எந்தக் கூட்டத்திலும் தன் குரல் தனியாகக் கேட்கும்படி பேசுகிறவள், வாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்: "வந்தா வந்துட்டுப் போவுது. ஒரு நாளைக்கு எல்லாரும் பயந்து பாப்போம். நீ மட்டும் என்ன, வருசம் பூரா ஒத்தையிலயா பயப்படுவ?"

அது கேலியா ஆறுதலா என்று மதலேனுக்கு விளங்கவில்லை. முகைதீன் பிச்சை, "ஆணி அடிச்சாச்சு தாயி" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்தார். அப்புறம் போய் அடித்தார்.

விழாவுக்கு முந்தின வாரம் நகராட்சி ஆட்டோ தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போனது: மதில் சுவர் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் மெத்தை போடவும், வைக்கோல் உள்ளவர்கள் வைக்கோல் போடவும், முள்கம்பி உள்ளவர்கள் கழற்றிவிடவும். ஊரில் இருந்த மெத்தை, தலையணை, கிழிந்த வலை, நார்ப்பொதி எல்லாம் வாசலுக்கு வந்தன. அன்று காலை மதலேன் தேன்நிறப் பட்டுச்சேலை கட்டி, காலை இழுத்து இழுத்து மேடையேறி, பொன்னாடையைத் தோளில் வாங்கி, தன் பழைய படம் ஆணியில் போய் உட்காருவதைப் பார்த்தாள். படத்தில் இருந்த பெண்ணுக்கு இரட்டைச் சடை. மதலேன் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது இந்த ஆயிரம் பேர் முகத்திலும் பயம் வந்து நிற்கும் என்று காத்திருந்தாள்.

வந்தது பயமில்லை, ஒரு சத்தம். ஓடிவரும் கால்களின் சத்தம், முதலில் நீளமாக நாலு எட்டு, அப்புறம் வளைந்து குறுகிக் குறுகி, பிறகு ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அவள் கண்ணைத் திறந்தபோது பங்குச்சாமியார் அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கூடத்தின் வாசல் கேட்டுக்கு மேலே மல்லாந்து போய்க்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒருவர் சொல்லி முடிக்க இன்னொருவர் விடமாட்டார். நகராட்சித் தலைவி தன் காரைத் தாண்டினாள், டிரைவர் வேண்டாம் அம்மா என்று கெஞ்சிவிட்டு அவனும் தாண்டினான். மீன் ஏலக்காரர்கள் ஐஸ்பெட்டிகளை அடுக்கி அடுக்கித் தாண்டினார்கள். பல் டாக்டர் நோயாளியின் வாயைத் திறந்தபடியே இருக்கச் சொல்லிவிட்டுப் போய் பக்கத்து மதிலைத் தாண்டி வந்தார். முட்டிவலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், பிள்ளை பெற்று மூன்றாம் மாதத்துப் பெண்கள், பள்ளிவாசல் தெருப் பெரியவர்கள், தேருக்கு வடம் பிடிக்கும் ஆட்கள், எல்லாரும் அதே நீளத்தில் அடி வைத்து, அதே வளைவில் திரும்பி, அதே இடது காலை ஊன்றி மேலே போனார்கள், போனவர்கள் எல்லாரும் உச்சியில் ஒரு கணம் முகம் மலர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். மேடையில் மதலேன் மட்டும் தனியாக நின்றாள். ஓடுகிறவளுக்குத் தன் ஓட்டம் தெரியாது. தாண்டுகிறவள் தன் தாண்டலைக் கண்டதில்லை. இப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள், ஊர் முழுக்க, ஒரே நேரத்தில், வேட்டியிலும் சுடிதாரிலும் காக்கிச் சட்டையிலும். இவ்வளவு அழகாகவா இருந்தேன் என்று நினைத்துச் சட்டென்று வெட்கப்பட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் மதலேனையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு மூங்கிலை நட்டு, ஆணி வரிசையில் குறுக்குக்கம்பை வைத்து, பின்னால் ஊர் மெத்தைகளையெல்லாம் குவித்தார்கள். ஆணிக்கு ஆணி கம்பு ஏறியது, ஊரும் ஏறியது. திருச்சி உயரம் வந்தது.

அங்கே ஊர் நின்றது. போஸ்ட்மாஸ்டர் ஓடினார், கம்பு விழுந்தது. சப் இன்ஸ்பெக்டர் ஓடினார், விழுந்தது. கல்லூரிப் பிள்ளைகள், கொத்தனார்கள், ஒரு கன்னியாஸ்திரி, ஒருவர் பாக்கியில்லாமல் அதே உயரத்தில் கம்பைத் தட்டினார்கள். இதோ என் பயம் வந்துவிட்டது, இவ்வளவு நேரம் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு இப்போது வந்துவிட்டது என்று மதலேன் நினைத்தாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள்.

அப்போது பிரகாசி ஓடினாள். சேலையைக் கச்சமாக இழுத்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பெருத்த உடம்போடு ஒரு படகு அலையில் ஏறுவதைப் போல் ஏறி, வானத்தைப் பார்த்துச் சிரித்து, கம்பைத் தட்டி, மெத்தையில் தொம்மென்று விழுந்தாள். கூட்டத்தில் யாரோ, "பிரகாசியக்கா பயந்துட்டாவ!" என்றார்கள்.

அவள் எழுந்த வேகத்தில் தலையணை ஒன்று பறந்தது.

"எவம்ல அது? பயமா? எனக்கா? மேல போயி எப்படிக் கிடந்தேன் தெரியுமா? எறங்கவே மனசில்லாமக் கிடந்தேம்ல! பயமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, இந்தக் குதிங்காலுல்லா தட்டுச்சு!"

மதலேன் நின்றாள். நாத்தனார் தன் குதிகாலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பு பட்ட இடம் சிவந்திருந்தது. போஸ்ட்மாஸ்டரும் காலைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். கன்னியாஸ்திரியும்.

"மைனி," என்றாள் மதலேன். கிட்டப் போய் மறுபடி, "மைனி, உண்மையச் சொல்லுங்க. ஓடும்போது பயம் இல்லியா? கம்புகிட்டப் போனப்ப?"

"ஏட்டி, மாதா மேல சத்தியமா இல்ல." பிரகாசி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தைக்கே கேட்கும் அந்தக் குரல் இறங்கிப்போனது. "இல்லட்டி மதலேன். ஒரு பொட்டுகூட இல்ல. அப்ப ஒனக்கும் இருந்திருக்காதே. நாமல்லா சொல்லிச் சொல்லி..."

மதலேன் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கம்புக்குப் பக்கவாட்டில் நிறுத்தினாள்.

"இன்னொருத்தர் ஓடுங்க," என்று கத்தினாள். "இன்னொருத்தர். நான் பாக்கணும்."

ஓடினார்கள். ஒருவர் பின் ஒருவராக ஓடினார்கள். மதலேன் மண்ணில் உட்கார்ந்து, கம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். தோள் தாண்டியது, இடுப்பு தாண்டியது, முகம் வானத்தைப் பார்த்து மலர்ந்தது, மலர்ந்தது அப்படியே நின்றது, கீழே கால் தொங்கிக்கொண்டே வந்து குதிகால் தட்டியது. திரும்பத் திரும்ப அதேதான். அவளுக்கு வலைக்கொட்டகைச் சுவர் கண்முன்னால் வந்தது. பேப்பரில் இருந்தது ஒரு கணத்துப் படம். அந்த வெள்ளைக்காரப் பெண் அடுத்த கணம் என்ன செய்தாள் என்று அதில் இல்லை. அதனால் மதலேனும் அந்தக் கணத்திலேயே தங்கிவிட்டாள், வானத்தைப் பார்த்தபடி.

"தலையத் தூக்குங்க!" மதலேன் எழுந்துவிட்டாள். "இடுப்பு தாண்டுனதும் தாடைய நெஞ்சோட ஒட்டுங்க! வானத்தப் பாத்தது போதும், ஒங்க காலப் பாருங்க! தலை உள்ள வந்தா காலு தன்னால மேல வரும்!"

பிரகாசிதான் முதலில். ஓடினாள், ஏறினாள், மதலேன் அடிவயிற்றிலிருந்து, "இப்ப!" என்று கத்தினாள், பிரகாசியின் தாடை நெஞ்சில் இடித்தது, இரண்டு கால்களும் ஒரு மீன் வாலைச் சொடுக்குவதைப் போல மேலே போயின. கம்பு அசையவில்லை. மைதானத்தில் எழுந்த சத்தத்தில் துறையில் கட்டியிருந்த படகுகளின் மேலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. அதற்குப் பிறகு ஊரையே நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருவர் ஓடும்போதும் மொத்த மைதானமும் சேர்ந்து, "இப்ப!" என்றது, போஸ்ட்மாஸ்டர் தாண்டினார், கன்னியாஸ்திரி தாண்டினார், கண்ணாடிக் கடைக்காரர் தாண்டிவிட்டு அழுதார், முகைதீன் பிச்சை தாண்டிவிட்டுத் தொப்பியைத் தேடினார்.

லூர்து மட்டும் காலையிலிருந்து எதையும் தாண்டவில்லை. மைதானத்து ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மதலேன் அவனிடம் போனாள். அவள் முகமெல்லாம் புழுதி.

"நீங்க குதிக்கலியாக்கும்?"

"எனக்கு எதுக்கு..." என்றவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "எனக்குப் பயமா இருக்கு மதலேன்."

கடலுக்கடியில் மூழ்கி படகின் சுழல்விசிறியில் சுற்றிய வலையை அறுக்கிற ஆள் அவன். அவள் சிரித்தாள். "அப்ப அது ஒங்க பயம். என்னுது இல்ல. அதையும் கூட்டிக்கிட்டு ஓடுங்க."

அவன் ஓடினான். ஊர், "இப்ப!" என்றது. தாண்டி விழுந்தவன் மெத்தையிலேயே கொஞ்ச நேரம் கிடந்தான். பிறகு எழுந்து நேராக அவளிடம் வந்தான்.

"இதையாட்டி நான் போதும்னு சொன்னேன்?"

அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டாள்.

"நான் எங்க விட்டேன்," என்றாள் கடைசியில். "கிரைண்டர் ஓடும்போதெல்லாம் கண்ண மூடிக்கிட்டு ஓடிக்கிட்டுத்தான் இருந்தேன். கம்புகிட்ட வரும்போது கண்ணத் தொறந்துருவேன். அவ்வளவுதான்."

சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சந்தைத் தெருவில் யாரோ அவசரப்பட்டு லைட்டைப் போட, பத்துப் பேர் அணைக்கச் சொல்லிக் கத்தினார்கள். மதலேன் மூங்கில் பக்கம் போய், குறுக்குக்கம்பை எடுத்து, அடுத்த ஆணியில் வைத்தாள். அவள் வாழ்நாளில் ஏறாத உயரம் அது. பட்டுச்சேலையைக் கச்சமாகக் கட்டினாள். பொன்னாடையை எடுத்துப் பிரகாசியின் கழுத்தில் போட்டாள்.

"ஏட்டி, முட்டி!" என்றாள் பிரகாசி.

"தெரியும் மைனி."

யாரும் தடுக்கவில்லை. ஊர் இரண்டாகப் பிளந்து அவளுக்கு ஓட வழி விட்டது. முந்தின இரவு அவளும் மணத்துறையில்தானே தூங்கினாள் என்று முகைதீன் பிச்சை பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னார். அவள் கடைசிவரை பின்னால் போய், மண்ணைத் தொட்டாள், ஓடினாள். நீளமாக நாலு எட்டு, அப்புறம் வளைந்து குறுகி, இடது கால் ஊன்றி, பிறகு ஒரு கணம் ஒன்றுமே இல்லை. யாருக்கும், "இப்ப!" என்று சொல்ல வாய் வரவில்லை. அவளே தன் தாடையை இழுத்து நெஞ்சில் சேர்த்தாள்.

கம்பு லேசாக நடுங்கியது. நடுங்கி, ஆணியிலேயே நின்றது.

சத்தம் அடங்கி, ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, எல்லாருடைய கால்களும் மறுபடி அவரவர் கால்களாகி, முட்டிவலிக்காரர்கள் மெல்ல உட்கார இடம் தேடியபோதும் மதலேன் மெத்தைக் குவியலில் மல்லாந்தே கிடந்தாள். லூர்து மேலே ஏறி வந்து குனிந்து பார்த்தான்.

"முட்டி எப்படி இருக்கு?"

"வலிக்குது. நல்லா வலிக்குது."

"தூக்கட்டா?"

அவள் கையை நீட்டி அவனையும் இழுத்துப் பக்கத்தில் படுக்கவைத்தாள். மேலே வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

"இருங்க," என்றாள். "இனிமே எவ்வளவு நேரம்னாலும் பாக்கலாம்."